வேதியியல் லிகண்டும் உயிரியல் லிகண்டும் ஒன்றா?

கேள்வி:
லிகண்ட், அதாவது ஈனி, உலோக அயனிக்கு எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்துப் பிணையும் என்று வேதியியலில் படித்தேன். நீர், அம்மோனியா, சயனைடு எல்லாம் எடுத்துக்காட்டு. உயிரியலில் இன்சுலினையும் லிகண்ட் என்கிறார்கள். அது ஏற்பியில் (செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) போய் ஒட்டும்போது அங்கே உலோகமே இல்லையே, அப்புறம் எப்படி? யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
உலோகப் பக்கம் மட்டும் சொல்கிறேன். உலோக அயனியில் காலி ஆர்பிட்டால் (எலக்ட்ரான் தங்கும் இடம்), லிகண்டில் தனித்த எலக்ட்ரான் இரட்டை, அவ்வளவுதான். காப்பர் சல்பேட் கரைசலில் அம்மோனியா சேர்த்தால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு வரும், மேலும் சேர்த்தால் அது கரைந்து அடர்நீலமாகும், ஏனென்றால் தாமிரத்தைச் சுற்றியிருந்த நீரை அம்மோனியா வெளியேற்றிவிடுகிறது. இடிடிஏ (EDTA) என்ற லிகண்ட் ஒரே மூலக்கூறாக உலோகத்தை ஆறு இடங்களில் பிடிக்கும். அந்தப் பிடியை நம்பித்தான் ஈய நச்சுக்கு அதன் கால்சியம் உப்பை மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

பதில் 2:
உயிரியலில் இன்னும் விரிவான பொருள். புரதத்தில் தனக்குரிய இடத்தில் போய் ஒட்டும் எதுவும் லிகண்ட்தான். பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு, எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு, வான்டர்வால்ஸ் விசை (மிக அருகில் வரும் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள மெல்லிய ஈர்ப்பு) போன்றவைதான் வேலை செய்யும். தனித்தனியாக எல்லாமே வலுக்குறைந்தவை, வடிவம் பொருந்தி ஒன்றுசேரும்போதுதான் பிடிப்பு வரும், அதுவும் நிரந்தரம் இல்லை, ஒட்டுவதும் விலகுவதும் நடந்துகொண்டே இருக்கும். பூட்டு-சாவி உவமை எனக்குத் திருப்தி தருவதில்லை, ஏற்பியும் லிகண்டுக்கு ஏற்ப வளைகிறது. இன்னொன்று, ஒட்டினாலே ஏற்பி வேலை செய்யும் என்றும் இல்லை. நாலோக்சோன் என்ற மருந்து, மார்ஃபின் போன்றவை ஒட்டும் ஓபியாய்டு ஏற்பியில் உட்கார்ந்து மார்ஃபினுக்கு இடம் விடாது, ஏற்பியை இயக்கவும் செய்யாது.

கேட்டவர்:
சரி, இரண்டும் தனித்தனிக் கருத்துகள், பெயர்தான் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 3:
அப்படிப் பிரிக்காதீர்கள், ஹீமோகுளோபினைப் பாருங்கள். அதில் ஆக்சிஜனைப் பிடிக்கும் பகுதியான ஹீமின் நடுவிலுள்ள இரும்பை நான்கு நைட்ரஜன்கள் சுற்றிலும் பிடித்திருக்கின்றன, ஐந்தாவது இடத்தில் புரதத்தின் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், ஆறாவது இடத்தில் ஆக்சிஜன் வந்து சேரும். இரும்போடு பிணைவதால் அது வேதியியலாருக்கு லிகண்ட், புரதத்தோடு சேர்வதால் உயிரியலாருக்கும் லிகண்ட்! அது சேர்ந்ததும் இரும்பு லேசாக நகர்ந்து ஹிஸ்டிடினை இழுக்க, புரதத்தின் வடிவமே மாறி, மற்ற ஹீம்கள் ஆக்சிஜனை இன்னும் எளிதாகப் பிடிக்கின்றன. கார்பன் மோனாக்சைடும் அதே ஆறாவது இடத்துக்குத்தான் வரும், பிடிப்பு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல். ஆனாலும் அது அவ்வப்போது விலகத்தான் செய்யும், விலகும் நேரத்தில் அந்த இடத்தைப் பிடிக்கப் போதுமான ஆக்சிஜன் அருகில் இருக்க வேண்டும் என்பதால்தான் பாதிக்கப்பட்டவருக்குத் தூய ஆக்சிஜன் கொடுக்கிறார்கள்.