மேசா ஆர்ச்சில் சூரிய உதயம்: அடிப்பக்கச் செம்மையைப் படத்தில் கொண்டுவருவது எப்படி?

கேள்வி

வணக்கம். வரும் நவம்பர் நடுவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குச் சென்று, மேசா ஆர்ச் என்னும் மணற்கல் வளைவைச் சூரிய உதயத்தின்போது படமெடுக்க இருக்கிறேன். இதுவரை பார்த்த படங்களிலெல்லாம் வளைவின் அடிப்பக்கம் தணல்போல் சிவந்திருக்கிறது. அது இயல்பான நிறந்தானா, அல்லது கணினியில் கூட்டப்பட்டதா? வானம் வெளுத்துவிடாமல் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதியும் ஒளியின் அளவை, எப்படி வைப்பது? விடியுமுன் எல்.இ.டி. விளக்கால் பாறைக்கு ஒளியூட்டலாமா? என்னிடம் ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 16-35 மி.மீ. லென்ஸும் ட்ரைபாடும் உள்ளன.

பதில் 1

நிறம் இயல்பானதுதான். வளைவு கிழக்கு நோக்கி, செங்குத்துப் பாறையின் விளிம்பிலேயே நிற்கிறது. எழுகின்ற சூரியனின் ஒளி வளைவுக்குக் கீழேயுள்ள செம்பாறைச் சுவரில் பட்டு, அங்கிருந்து மேல்நோக்கித் திரும்பி, நேர்வெயில் படாத அடிப்பக்கத்தை நிறைக்கிறது. ஆகவே சூரியன் தலைகாட்டும் கணத்தைவிட, அது சற்று உயர்ந்த பிறகே செம்மை முழுமை பெறும். முதல் கதிரைப் பிடித்த கையோடு ட்ரைபாடை மடக்கிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், சூரியன் இல்லாமல் அந்த அடிப்பக்கத்தை மட்டும் நெருங்கி எடுக்கும் படமே இந்த இடத்தின் மிகச் சிறந்த படம். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் செம்மையைத் தணித்துவிடக்கூடும் என்பதால், டேலைட்டில் நிறுத்தி, ரா கோப்பாகவே (கேமரா திருத்தாத மூலப் பதிவாகவே) பதிவு செய்யுங்கள்.

பதில் 2

எக்ஸ்போஷரைப் பொறுத்தவரை, மேற்பாதியைக் கறுப்பாக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் இங்கே உதவாது. வானத்தோடு வளைவின் மேற்பகுதியும் இருண்டுவிடும். ட்ரைபாடை அசைக்காமல், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காகும் அல்லது பாதியாகும் ஒரு படி) மூன்று அல்லது ஐந்து படங்கள் எடுத்துப் பின்னர் இணைப்பதே நல்லது. ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/16 என்று வைத்து, பாறையின் விளிம்பு சூரியனைப் பாதி மறைக்குமாறு கேமராவை நகர்த்தினால் நட்சத்திரக் கதிர்கள் தெளிவாக விழும். லென்ஸுக்குள் ஒளிச்சிதறல் வந்தால், சூரியனை விரலால் மறைத்துக் கூடுதலாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைக்கும்போது கறைபட்ட இடங்களை அதிலிருந்து நிரப்பலாம். 16 மி.மீ.யில் வளைவின் மீது ஃபோகஸ் செய்தாலே தொலைவிலுள்ள லா சால் மலைகள் வரை துல்லியமாக இருக்கும். ஆனால் அந்த அகலத்தில், வளைவின் வழியே தெரியும் வாஷர் வுமன் பாறை மிகச் சிறுத்துவிடுகிறது. சில அடிகள் பின்வாங்கி 35 மி.மீ.யிலும் எடுத்துப் பாருங்கள்.

பதில் 3

விளக்கு வேண்டாம். கேன்யன்லேண்ட்ஸிலும் அருகிலுள்ள ஆர்ச்சஸ் பூங்காவிலும் செயற்கை ஒளியால் பாறைகளுக்கு வெளிச்சமூட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது. நடப்பதற்குத் தலைவிளக்கு போதும். 2000-ஆம் ஆண்டில் இரவுப் படத்துக்காக ஆர்ச்சஸ் பூங்காவிலுள்ள டெலிகேட் ஆர்ச் என்னும் வளைவின் அடியில் மூட்டப்பட்ட நெருப்பு அந்தப் பாறையில் கறையை உண்டாக்கியதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வளைவின் மீது ஏறுவதற்கும் அனுமதியில்லை. பாதையோரத்தில் கருமையாகப் புடைத்துத் தெரியும் மண், நுண்ணுயிர்கள் பிணைத்து வைத்திருக்கும் உயிருள்ள மேலோடு. ஒரு மிதியில் சிதைந்தால் மீள ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், கோணம் தேடி அதில் இறங்காதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. விளக்கை எடுத்துச் செல்லமாட்டேன். எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

பதில் 3

நவம்பர் நடுவில் உதயம் ஏறத்தாழ காலை 7 மணிக்கு. மோவாப் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும்; நடை குறைவுதான். வளைவின் முன்னே ட்ரைபாடுகளுக்கு இடம் மிகக் குறுகலானதால், 6 மணிக்கு முன்பே இடம் பிடித்துவிடுங்கள். கடுங்குளிர் இருக்கும், கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.