கொச்சிக்கடை அந்தோனியார்: அம்மாவின் நேர்த்திக்கடன்

கேள்வி: வவுனியா மகள்

2017 இல் என் தம்பி டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சொல்லி, அம்மா கொழும்பு கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோயிலிலுள்ள புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். தம்பி பிழைத்துவிட்டான். 2019 இல் போகலாம் என்றிருந்தோம். அதற்குள் அந்தக் கோயிலிலேயே குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறு வந்துவிட்டது. பிறகு கொரோனா, பிறகு பெட்ரோல் வரிசை. இப்போது அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. "வாயால் சொன்னதை இன்னும் செய்யவில்லையே" என்று இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நாங்கள் சைவர்கள். உள்ளே விடுவார்களா? என்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: ஜம்பட்டா வீதிக்காரி

தங்கச்சி, விடுவார்களா என்ற கேள்வியே வேண்டாம். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருடைய நாள். நெற்றியில் திருநீறோடு நிற்பவரையும் வெள்ளை உடுத்த பௌத்த அம்மாவையும் அந்த வரிசையில் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். கூட்டம் குறைந்த நாளில் வாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். அம்மா செவ்வாய் என்று நேர்ந்திருந்தால் செவ்வாயே வாருங்கள். மனம் ஆறுவதற்குத்தானே வருகிறீர்கள்?

மெழுகுதிரி போதும்; கோயிலடியிலேயே வாங்கலாம். அம்மா கையில் ஒரு கைக்குட்டை கொடுங்கள். அந்தோனியாரின் திருநாவிலிருந்து எடுத்த சிறு துணுக்கு அங்கே கண்ணாடிக்குள் பேழையில் இருக்கிறது. சனம் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய நிற்கும். பிறகு கைக்குட்டையால் கண்ணாடியை ஒற்றி, வீட்டில் நோயாளி இருந்தால் அதைக் கொண்டுபோய் நெற்றியில் வைப்பார்கள். என் அம்மாவின் கடைசி மாதங்களில் நானும் வைத்தேன்.

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே தடை. வியாபாரி வேடத்தில் ஒளிந்து திரிந்த அந்தோனியோ சுவாமியார், கடலரிப்பில் தவித்த மீனவர்களுக்காக மணலில் சிலுவை நட்டு மன்றாட, கடல் பின்வாங்கியது என்பது எங்கள் பாட்டிமார் சொன்ன கதை. இப்போதைய கோயில் எழுந்தது 1834 இல்.

2019 ஏப்ரல் 21 இல் எங்கள் பக்கத்திலிருந்து பூசைக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. கடற்படையினர் திருத்திக் கொடுத்து, ஜூன் 12 இல், திருவிழாவுக்கு முதல் நாள், மீண்டும் திறந்தார்கள். உள்ளே போனபோது புதுப் பெயின்ட் வாசனைதான் முதலில் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. மெழுகு உருகும் பழைய வாசனை திரும்பிய நாளில்தான் அழுதேன்.

பதில்: கொழும்பு 13

முச்சக்கர வண்டியில் ஏறும்போது "கொட்டாஞ்சேனை அந்தோனியார் கோயில்" என்று சொல்லுங்கள். நீர்கொழும்புக்கு அப்பால் இன்னொரு கொச்சிக்கடை இருக்கிறது. தொலைபேசியில் அந்தப் பெயரைத் தட்டிய என் மச்சான் அங்கே போய் இறங்கினார். முழங்கால் வலிக்கு வரிசைதான் கஷ்டம். அங்கே நிற்கும் தொண்டர்களிடம் சொன்னால் இடம் விடுவார்கள். என் மாமியாருக்கு விட்டார்கள். திரும்பும்போது பக்கத்திலுள்ள பொன்னம்பலவாணேசரையும் அம்மாவுக்குக் காட்டுங்கள். முழுக்கக் கருங்கல் கோயில்.

வவுனியா மகள்

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கைக்குட்டை என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். தம்பியின் பழைய பள்ளிக்கூடக் கைக்குட்டையைத் தேடுகிறார். திங்கள் இரவு பஸ்ஸில் புறப்படுகிறோம்.