ஃபென்வே பார்க்கில் ஒரு திங்கட்கிழமை

பழைய மைதானங்களில் ஆட்டம் பார்த்த அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் போஸ்டனுக்கு அருகே குடியேறிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. போஸ்டனின் ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்துக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஆனாலும் 2024 ஏப்ரல் 15, திங்கட்கிழமை, பதினோரு வயது மகளை அழைத்துக்கொண்டு போனதைத்தான் எழுதத் தோன்றுகிறது.

மாசசூசெட்ஸில் ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அரசு விடுமுறை. அன்றுதான் போஸ்டன் மாரத்தான். ஃபென்வேயில் ஆடும் ரெட் சாக்ஸ் அணியின் ஆட்டமும் அன்றைக்கு மட்டும் காலை பதினொரு மணிக்கே தொடங்கிவிடும். அந்த ஆண்டு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான பெரிய லீக்கில் (மேஜர் லீக்) கறுப்பினத்தவரைச் சேர்க்காமல் வைத்திருந்த தடை அன்று உடைந்தது. அதன் நினைவாக ஒவ்வோர் ஏப்ரல் 15 அன்றும் எல்லா அணிகளிலும் எல்லா ஆட்டக்காரர்களும் அவருடைய 42-ஆம் எண்ணையே அணிகிறார்கள்.

கென்மோர் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது மணி ஒன்பதரை. ஆட்ட நாளில் ஜெர்சி தெருவை வாகனங்களுக்கு அடைத்துவிடுவார்கள். டிக்கெட்டைக் காட்டி நுழைந்துவிட்டால் தெருவே மைதானத்தின் முற்றம்போல் ஆகிவிடும். வெங்காயமும் குடைமிளகாயும் இரும்புத் தட்டில் வதங்கும் வாசனையை விட்டு மகளை நகர்த்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய செங்கல் கிடங்கு போலத்தான் இருக்கிறது. 1912 ஏப்ரல் 20 அன்று, டைட்டானிக் மூழ்கிய ஐந்தாம் நாள், இங்கே முதல் லீக் ஆட்டம் நடந்தது. இன்றைக்கும் பெரிய லீக் ஆடும் மைதானங்களில் இதைவிடப் பழையது கிடையாது.

சுற்றியிருந்த தெருக்கள் விட்டுக்கொடுத்த இடத்துக்குள் அடக்கிக் கட்டியது என்பதால் மைதானம் ஒரு பக்கம் குறுகி, ஒரு பக்கம் பிதுங்கி, கோணலாக இருக்கும். இடது பக்கம் லான்ஸ்டவுன் தெரு நெருக்குகிறது. பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து அந்த எல்லை வெறும் 310 அடி. தூரம் போதாததால் உயரத்தைக் கூட்டிவிட்டார்கள்: 37 அடி 2 அங்குலம். பச்சை வண்ணம் 1947-இல் பூசியது. ‘கிரீன் மான்ஸ்டர்’ என்று உலகமே சொல்லும் சுவர் அதுதான். வேறு மைதானத்தில் பார்வையாளர்களுக்கு நடுவே விழுந்து ஹோம் ரன் ஆகியிருக்க வேண்டிய அடி, இங்கே சுவரில் மோதித் திரும்பி வரும். அங்கே சுலபமான கேட்ச்சாக முடியக்கூடிய உயரப் பந்து, இங்கே சுவரைத் தொட்டுத் தப்பிவிடும். கண்ணாலேயே கோணத்தை அளந்துவைத்திருக்கும் ஆட்டக்காரருக்குத்தான் இந்தச் சுவர் படியும்.

ஆட்டத்துக்கு முன்பு வலது பக்கத் திறந்தவெளி இருக்கைகளுக்கு ஏறிப்போனோம். பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று சிவப்பாக இருக்கும். பிரிவு 42, வரிசை 37, இருக்கை 21. 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி தாண்டி அங்கே வந்து விழுந்தது. அதில் உட்கார்ந்து பார்த்த மகள், பேட்டர் நிற்கும் இடம் ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் தெரிகிறது என்றாள்.

எங்கள் இடம் முதல் பேஸ் (அடித்தவர் முதலில் ஓடித் தொட வேண்டிய இடம்) பக்கம், கூரைக்குக் கீழே, ஒரு தூணுக்குப் பின்னால். விலை குறைவு என்று தெரிந்தே வாங்கியது. நீல நிற மரநாற்காலிகள் 1934 காலத்தவை. முழங்கால் முன்வரிசையில் இடிக்கும், தோள் பக்கத்து ஆளைத் தொடும். தூணைச் சுற்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசாமல் இருக்க முடியாது.

பக்கத்தில் இருந்தவர் எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர். மடியில் கட்டம் போட்ட நோட்டு, காதில் செருகிய பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி வைத்துக்கொண்டிருந்தார். மகள் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு நோட்டை அவள் பக்கம் சாய்த்தார். பேஸ்பாலில் ஸ்கோர் எழுதுகிறவர்களுக்கு ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பந்து எறிபவர் 1, பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளியே நிற்கும் மூவர் இடமிருந்து வலமாக 7, 8, 9. பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் போய், இரண்டாம் பேஸுக்கு எறியப்பட்டு, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இருவர் அவுட் ஆனால் 6-4-3. பேட்டர் மட்டையை வீசித் தவறி அவுட் ஆனால் ஆங்கில எழுத்து ‘கே’. வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவார். மூன்றாவது இன்னிங்ஸில் பென்சில் மகள் கைக்கு வந்துவிட்டது.

எல்லோர் முதுகிலும் 42 என்பதால் யார் யார் என்று அவளுக்குப் புரியவில்லை. “எண்ணைப் பார்க்காதே, காலைப் பார். நிற்கிற விதம் ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காது” என்றார்.

இடது சுவரின் அடியில் இருக்கும் ஸ்கோர் பலகையை இன்னும் கையால்தான் இயக்குகிறார்கள். சுவருக்குள்ளே ஆட்கள் உட்கார்ந்து எண் எழுதிய தகடுகளை மாட்டுகிறார்கள். ‘பால்’ (தவறான எறி), ‘ஸ்ட்ரைக்’ (பேட்டருக்கு எதிராக எண்ணப்படும் எறி), அவுட் எண்ணிக்கைக்கு மட்டும் பச்சை, சிவப்பு விளக்குகள். பைனாகுலரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திடீரென்று கேட்டாள்: “அப்பா, அந்த வெள்ளைக் கோடுகளில் ஏன் புள்ளி புள்ளியாக இருக்கிறது? மோர்ஸ் மாதிரி இருக்கிறதே.” எழுத்துகளைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் குறிக்கும் அந்தத் தந்தி முறையைப் பள்ளியில் கற்றுக்கொண்டிருந்தாள். நோட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தாள். ஒரு கோடு, டி. ஒரு புள்ளியும் கோடும், ஏ. அடுத்தது ஒய். இத்தனை ஆண்டுகளாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவை 1933 முதல் 1976 வரை அணியின் உரிமையாளராக இருந்த டாம் ஏ. யாக்கியின் பெயரின் முதலெழுத்துகள். இன்னொரு கோட்டில் இருப்பவை அவருடைய மனைவி ஜீன் யாக்கியின் எழுத்துகள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். 1945 ஏப்ரலில், நகர மன்ற உறுப்பினர் ஒருவர் கொடுத்த நெருக்கடியால், மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களை இதே மைதானத்துக்குச் சோதனை ஆட்டத்துக்கு வரவழைத்தார்கள். ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். ராபின்சன் அன்று இந்தச் சுவரின் மீது பந்துகளாக அடித்துத் தள்ளினார். பிறகு தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். தகவல் வரவே இல்லை. பெரிய லீக்கில் கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்த கடைசி அணி போஸ்டன் ரெட் சாக்ஸ். ஆண்டு 1959. ராபின்சன் ஆடத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, அவர் ஓய்வும் பெற்றுவிட்டிருந்தார்.

பெரியவரின் அப்பா ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர், பேஸ்பால் பைத்தியம். ஆனால் ஃபென்வே வாசலை மிதித்ததில்லை. சற்றுத் தொலைவில் போஸ்டன் பிரேவ்ஸ் என்ற இன்னோர் அணி இருந்தது. ஃபென்வே திருப்பி அனுப்பிய சாம் ஜெத்ரோவை அவர்கள் 1950-இல் களமிறக்கினார்கள், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவருக்குக் கிடைத்தது. அப்பா அங்கேதான் போவார். 1953-இல் அந்த அணி மில்வாக்கிக்கு மாறியபோது ஆட்டம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். 1959 ஆகஸ்டில், அந்த முதல் கறுப்பின ஆட்டக்காரரான பம்ப்ஸி கிரீன் ரெட் சாக்ஸுக்காக ஃபென்வேயில் முதல்முறை ஆட வந்தபோதுதான், ஒன்பது வயது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கிரீன் முதல் வாய்ப்பிலேயே பந்தை அந்தச் சுவரில் அடித்து மூன்றாம் பேஸ்வரை ஓடினார். “என் அப்பா கைதட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்” என்றார் பெரியவர்.

நாங்கள் காலையில் நடந்து வந்த ஜெர்சி தெருவுக்கு 1977 முதல் யாக்கியின் பெயர்தான் இருந்தது. இந்த வரலாற்றைச் சொல்லி அணியே கேட்டுக்கொண்டதால் 2018-இல் பழைய பெயர் திரும்பியது. புள்ளிகள் மட்டும் சுவரில் இருக்கின்றன. அவை இருக்கட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் புள்ளிகளைச் சுவையான துணுக்காக எழுதுகிறவர்கள் 1945-ஐயும் சேர்த்து எழுதட்டும். என் மகள் ஒரு காலையில் தெரிந்துகொண்டது எனக்குப் பதினான்கு ஆண்டுகள் தெரியாமல் இருந்ததே என்று இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அன்று போஸ்டன் கிளீவ்லேண்டிடம் தோற்றது. எட்டாவது இன்னிங்ஸின் நடுவே வழக்கம்போல் மைதானம் முழுவதும் எழுந்து பாடியது, பெரியவரும் பாடினார். வெளியே வந்து கென்மோர் சதுக்கத்தில் நின்றபோது மாரத்தான் ஓட்டக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு மைல்தான் பாக்கி. முன்னணியில் ஓடியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். இப்போது வந்தவர்கள் கால் இழுக்க, உப்புப் படிந்த முகத்தோடு வந்தார்கள். யாரென்றே தெரியாதவர்களின் சட்டையில் இருந்த பெயர்களைப் படித்துப் படித்து மகள் தொண்டை வறளக் கத்தினாள். பெரியவர் கிழித்துக் கொடுத்த ஸ்கோர் தாள் இப்போது அவள் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் அந்தப் புள்ளிகளும் கோடுகளும் அப்படியே இருக்கின்றன.

கோபேயிலிருந்து ஒரு பதில்

நான் ஆட்டம் பார்த்தது ஜப்பானில், கோஷியன் பேஸ்பால் மைதானத்தில். 1924-இல் திறந்தது. ஆகஸ்டில் நாடு முழுவதிலுமிருந்து உயர்நிலைப் பள்ளி அணிகள் அங்கே வந்து ஆடும். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் சைரன் ஊதுவார்கள். தோற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே மண்டியிட்டு, மைதானத்துக் கரிய மண்ணைப் பையில் அள்ளுவார்கள்.

பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் சொன்ன கதை மனத்தை விட்டுப் போகவில்லை. 1958-இல் ஒகினாவாவின் ஷூரி பள்ளி அணி வந்தது. அப்போது ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. வெளி மண்ணைக் கொண்டுவரக் கூடாது என்ற தாவரப் பாதுகாப்புச் சட்டத்தால், பிள்ளைகள் அள்ளிச் சென்ற மண்ணைத் துறைமுகத்திலேயே கொட்டச் செய்துவிட்டார்கள். செய்தியைப் படித்த ஒரு விமானப் பணிப்பெண், மண்ணுக்குப் பதிலாகக் கோஷியன் கூழாங்கற்களைச் சேகரித்து அனுப்பிவைத்தார். கல்லுக்குத் தடை இல்லை.

சிகாகோவிலிருந்து ஒரு பதில்

சுவரில் பெயர் என்றதும் எனக்கு இங்குள்ள ரிக்லி ஃபீல்டு மைதானம் நினைவுக்கு வந்தது. 1914-இல் கட்டியது, வயதில் ஃபென்வேக்கு அடுத்தது. எல்லைச் சுவரில் படர்ந்திருக்கும் கொடி 1937-இல் நட்டது. அங்கேயும் ஸ்கோர் பலகை கையால்தான். 1988 ஆகஸ்ட் வரை விளக்கே கிடையாது, பகல் ஆட்டம் மட்டும்தான்.

அங்கே ஆடும் கப்ஸ் அணி 1908-க்குப் பிறகு 2016 வரை கோப்பையைத் தொட்டதில்லை. அந்த ஆண்டின் இறுதித் தொடரின்போது மக்கள் மைதானத்தின் வெளிச் செங்கல் சுவரில் சாக்பீஸால் பெயர்கள் எழுதத் தொடங்கினார்கள். பெரும்பாலும் இறந்துபோனவர்களின் பெயர்கள். வெற்றியைப் பார்க்காமலே போய்விட்ட அப்பாக்கள், தாத்தாக்கள், அத்தைகள். யாரும் தடுக்கவில்லை.

கோப்பை கிடைத்ததற்கு மறுநாள் வேலை முடிந்து அடிசன் நிலையத்தில் இறங்கிப் போனேன். கைக்கு எட்டும் உயரம்வரை சுவரில் இடமே இல்லை. கைத்தடி ஊன்றிய ஒரு பெண்மணி என்னிடம் சாக்பீஸை நீட்டி, “நீங்கள் உயரமாக இருக்கிறீர்கள், என் அப்பா பெயரை மேலே எழுதித் தருவீர்களா?” என்று கேட்டார். குந்துக்கல் போன்ற ஒரு திண்டில் ஏறி நின்றேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். பாதியில் நிறுத்தினார். ‘எல்’ இரண்டு வர வேண்டும், நான் ஒன்றுதான் போட்டிருந்தேன். சட்டைக் கையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். சரியா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஒரு முறை படித்துப் பார்த்தார்.