பேத்திக்குக் குடும்பக் கதை எழுதித் தர வேண்டும், எதில் தொடங்குவது?

காப்பார் பாட்டி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 84 நடக்கிறது. கண் இன்னும் பரவாயில்லை, எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நானே தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்னில் இருக்கும் பேத்தி, "நாம் மலாயாவுக்கு வந்த கதையை எழுதிக் கொடு பாட்டி" என்று விடாமல் நச்சரிக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவாளாம். சரி என்று உட்கார்ந்தால், அவள் கேட்பதெல்லாம் கஷ்டத்தைப் பற்றித்தான். கப்பலில் எப்படி அடைத்து வந்தார்கள், துரை அடித்தானா, பட்டினி கிடந்தீர்களா. நடக்காததை ஒன்றும் அவள் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது என் கண்ணுக்குள் வருகிறவர்கள் வேறு. எங்களுக்குக் கைகொடுத்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.

அப்பா 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். அடுத்த வருஷமே இந்திய அரசாங்கம் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அம்மா இங்கேயே, சிலாங்கூரில் காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். நான் பிறந்ததும் அதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஜப்பான்காரன் காலத்தில்.

1943இல் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். சித்தப்பா போனார், திரும்பவில்லை. அடுத்த தடவை அப்பாவைத் தேடி வந்தபோது தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் அப்பாவின் காலில் முழங்கால் வரை துணி சுற்றி, மேலே மஞ்சள் மருந்தை ஊற்றி, "புண் புரையோடிவிட்டது, இவனால் நடக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அப்பா காலில் ஒரு சிரங்குகூட இல்லை. கட்டைப் பிரித்துப் பார்த்திருந்தால் இரண்டு பேர் தலையும் போயிருக்கும். அந்த டிரெஸ்ஸர் மலையாளி. எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. என் தம்பி, தங்கைகள் எல்லாரும் அந்த ஒரு பொய்க்குப் பிறகு பிறந்தவர்கள்.

இன்னொருவர் எங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியார். 1957இல் சுதந்திரம் வந்ததும் குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னார்கள். மலாயாவில் பிறந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் போட்டால் மலாய் மொழிச் சோதனை இல்லை. தோட்டத்தில் யாருக்கு இது தெரியும்? இங்கேதானே இருக்கிறோம், எவன் கேட்கப்போகிறான் என்று இருந்தார்கள். வாத்தியார் பள்ளிக்கூட மேசையைத் தூக்கிவந்து பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், போட்டுவிட்டார். சாயங்காலம் ஆனால் மண்ணெண்ணெய் விளக்கு, படிவக் கட்டு, மை, கை துடைக்க ஒரு கந்தல் துணி. பிறந்த வருஷம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அம்மா, "பெரிய வெள்ளம் வந்தப்போ பிறந்தேன்னு எங்க ஆயா சொல்லும்" என்றார். வாத்தியார் யோசிக்கவே இல்லை, 1926 என்று எழுதிவிட்டார். கைநாட்டு வைக்க ஆம்பிளை விரலைப் பிடிப்பதா என்று பொம்பளைகள் கூச்சப்பட்டதும், மறுநாள் தன் சம்சாரத்தைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தார். அந்த அம்மாதான் ஒவ்வொரு கட்டைவிரலாகப் பிடித்து, மையில் தொட்டு, உருட்டி எடுத்தது. நான் விளக்குப் பிடித்தேன், அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

கப்பலில் வந்த அப்பாவுக்கு வேறு விதி, வேறு படிவம். அதையும் வாத்தியார்தான் எழுதினார்.

1969 கலவரத்துக்கு அப்புறம் சிவப்பு ஐசிக்காரர்களுக்கெல்லாம், அதாவது குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு, வேலை பெர்மிட் என்று வந்தபோதுதான் அந்தக் காகிதத்தின் அருமை தெரிந்தது. பெர்மிட் கிடைக்காமல் எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. பார்த்தே இராத ஊருக்குப் போனவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் குடிமக்களுக்கான நீல ஐசி.

இப்போது என் கேள்வி. பேத்திக்குக் கப்பலில் இருந்து தொடங்குவதா, இவர்களிடம் இருந்தா? அப்புறம், நன்றி நன்றி என்றே எழுதினால் கதை பொய்யாகிவிடுமோ என்றும் தோன்றுகிறது.

தைப்பிங்காரர்:

அம்மா, வணக்கம். நான் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன். கப்பலில் இருந்து தொடங்காதீர்கள் என்பதே என் யோசனை. எல்லார் வீட்டுக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது, அதிலும் எல்லாரும் ரஜூலா என்றே எழுதிவிடுகிறார்கள். ரஜூலா 1926இல் கட்டிய கப்பல், 1973 வரை ஓடியது, அதனால் அந்தப் பெயர்தான் நம் வாயில் நின்றது. ஆனால் 1937இல் அதே தடத்தில் ரோனா என்று இன்னொரு கப்பலும் இருந்தது. அது போரில் துருப்புகளை ஏற்றிக்கொண்டு போனபோது 1943இல் மத்தியதரைக் கடலில் குண்டு விழுந்து மூழ்கிப்போனது, அதனால் நம் ஆட்கள் மறந்துவிட்டார்கள். அப்பா தன் வாயால் பெயரைச் சொல்லியிருந்தால் மட்டும் கப்பல் பெயரை எழுதுங்கள். எங்கே இறங்கினார் என்பதும் முக்கியம். பினாங்கு என்றால் ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடைக்காகப் பிடித்து வைத்திருப்பார்கள். போர்ட் சுவெட்டன்ஹம் என்றால், அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான் என்று பேத்திக்கு ஒரு வரி போட்டுவிடுங்கள். வரைபடத்தில் பழைய பெயரைத் தேடிக் கொண்டிருப்பாள்.

ரப்பர்காட்டுப் பையன்:

பாட்டி, தப்பாக நினைக்காதீர்கள், கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். என் அம்மாவும் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கும் வெட்டுக்காரிதான். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது, பரம்பரையாக இருந்த லயத்தைக் காலி பண்ண நோட்டீஸ் கொடுத்தார்கள். கோயிலை எடுக்கக்கூட அவகாசம் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. இதையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு நல்லவர்களைப் பற்றி மட்டும் எழுதினால், தோட்டம் ஏதோ சொர்க்கம் என்று ஆஸ்திரேலியாவில் பிறக்கிற பிள்ளை நினைத்துக்கொள்ளும். நம் ஆட்கள் நன்றி சொல்லியே பழகியவர்கள். துரை தீபாவளிக்கு ஒரு ஆட்டைக் கொடுத்தால் வருஷம் முழுக்கக் கும்பிட்டோம்.

பினாங்கு மருமகள்:

எங்கள் மாமியாரிடம் கேட்கலாம் கேட்கலாம் என்று இருந்து, அவருக்கு நினைவு தப்பிய பிறகு கேட்க ஆரம்பித்தோம். நீங்கள் எதில் வேண்டுமானாலும் தொடங்குங்கள் பாட்டி, ஆனால் இந்த வாரமே தொடங்குங்கள். ஒன்று கேட்கட்டுமா? கைகொடுத்தவர்களில் வெளியாட்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் யாராவது உண்டா?

காப்பார் பாட்டி:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தைப்பிங் ஐயா, அப்பா கப்பல் பெயரைச் சொன்னதே இல்லை. வாந்தியையும், கீழ்த்தளத்தில் வெங்காய மூட்டைமேல் படுத்து வந்ததையும்தான் சொல்வார். ரஜூலா என்று எழுதவே இருந்தேன், நல்லவேளை.

மருமகளே, உண்டும்மா. என் கடைசித் தம்பி பிறந்தது அவசரகாலத்தில், 1948க்குப் பிறகு அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட காலத்தில். கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஊரடங்கு நேரத்தில் கேட்டைப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். அம்மாவுக்கு அன்று மத்தியானமே வலி எடுத்துவிட்டது. பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய் மருத்துவச்சி, பீடான் என்போம், சைக்கிளில் வந்து பார்த்தார். இன்னும் நேரமாகும் என்று தெரிந்ததும் திரும்பிப் போகவில்லை. வெளியே போனால் ராத்திரி உள்ளே விடமாட்டார்களே. சைக்கிளை லயத்து வாசலில் சாய்த்துவிட்டு, தொழுகைக்கு ஒரு சுத்தமான பாய் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார். தம்பி பிறந்தது நடுச்சாமத்தில், மாலை சுற்றிப் பிறந்தான். கொடியை அவர் விரலால் எடுத்துவிட்ட பிறகுதான் அழுதான். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருக்கும், அவர்கள் அன்று ராத்திரி என்ன சாப்பிட்டார்களோ. எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் இது உறைத்தது.

தம்பி ரப்பர்காட்டான், நீ சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. துரைக்கு நான் நன்றி சொல்லப்போவதும் இல்லை. ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தேன் என்று சந்தேகப்பட்டு என் அரைநாள் கூலியை வெட்டிய கிராணியும், அந்தக் கணக்கப்பிள்ளையும், கதையில் வருவான், கவலைப்படாதே. அந்த ஆட்டுக்கறியும் வரட்டும். எங்கள் தோட்டத்தில் தலையும் காலும் கங்காணி வீட்டுக்குப் போய்விடும்.

ஆனால் ஒன்று கேள். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாசம் பத்து வெள்ளி கட்டினால் பங்கு, அந்தப் பணத்தைச் சேர்த்து நாமே தோட்டம் வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாக வந்து பேசினார். எங்கள் வீட்டுக்காரர் சேர்ந்துவிட்டு வந்து சொன்னபோது நான் சண்டை போட்டேன். பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னக் காசா? கடைசியில் கைச்செலவுக்கு என்று நான் ஒட்டுப்பால், மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர், பொறுக்கிச் சேர்த்த காசில் இருந்துதான் பல மாசம் கட்டினோம். சங்கம் கெடாவில் முதல் தோட்டத்தை வாங்கிய சேதி வந்தபோது, நாங்கள் அந்தப் பக்கம் போனதுகூட இல்லை, ஆனாலும் லயமே ஏதோ கல்யாண வீடு மாதிரி இருந்தது. சம்பந்தனுக்கு நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒருத்தி, புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகளோடு அவளும் பத்து வெள்ளி கட்டினாள். நான் எழுதுவது அவளைப் பற்றி. இதை நீ கும்பிடு போடுவது என்றா சொல்வாய்?

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். டிரெஸ்ஸர் சொன்ன பொய்யில் தொடங்கப்போகிறேன். சித்தப்பா போனதும் அங்கேயே வந்துவிடும். ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாதே. ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. டிரெஸ்ஸர், பீடான், வாத்தியார் சம்சாரம், மூன்று பேருக்குமே பெயர் தெரியாது. தோட்டத்தில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? எப்படி எழுதுவது?

ரப்பர்காட்டுப் பையன்:

சரி பாட்டி, நான் வாபஸ். அந்தப் பத்து வெள்ளி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் அம்மாவும் கட்டியிருக்கிறார், சிட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது.

தைப்பிங்காரர்:

டிரெஸ்ஸர் என்றே எழுதுங்கள், பீடான் என்றே எழுதுங்கள். கதைக்காகப் பெயர் வைத்தால் நாளைக்குப் பேத்தி அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வாள். வாத்தியார் பெயராவது கிடைக்கும், பழைய பள்ளிக்கூட விழா மலர் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்புறம், அம்மாவின் குடியுரிமைச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் இருந்தால் படம் பிடித்துக் கதையோடு சேர்த்துவிடுங்கள். 1926 என்று அதில் இருக்குமே. பேத்திக்கு மட்டும் அனுப்புங்கள், இங்கே போட்டுவிடாதீர்கள். இந்தக் காலத்தில் ஒரு எண் கிடைத்தால் போதும், உங்கள் பெயரில் கடனே வாங்கிவிடுவான்.