ஈட்டித் துப்பாக்கி: ட்ரிகரையும் கையாலேயே செய்யலாமா?

ஆழிமுத்து:
இந்தோனேசியாவின் சுலவேசிக்குத் தென்கிழக்கே வாகாடோபித் தீவுகளில் சம்பேலா என்றொரு ஊர். மூச்சடக்கி மூழ்கி மீன் பிடிக்கும் பஜாவ் மக்களுடையது. கடலுக்குள்ளேயே கால் நட்டுக் கட்டிய வீடுகள். நான்கு நாள் இருந்தேன். ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கி ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஒரே மரத்துண்டு, ட்யூப் ரப்பர், இரும்புக் கம்பி. ட்ரிகரும் அவரே செய்ததுதான்: மரத்தில் ஒரு பொந்து, அதற்குள் ஆணியில் ஆடும் ஒரு கொக்கி. பெர்த் திரும்பியதும் தேக்கில் அதே மாதிரி செய்தேன். இரண்டு மாதமாக நன்றாகவே ஓடுகிறது. ட்ரிகருக்கு மட்டும் ஏன் எல்லோரும் கடைக்கு ஓடுகிறீர்கள்?

மரத்தச்சன்:
மரத்தில் மிச்சம் பிடியுங்கள், ரப்பரில் பிடியுங்கள், ட்ரிகரில் வேண்டாம். துப்பாக்கியின் பின்முனையை நெஞ்சில் முட்டுக்கொடுத்து ரப்பர் பட்டையை இரண்டு கையாலும் இழுத்து ஈட்டியில் மாட்டுகிறோம். அந்த இழுவை மொத்தத்தையும் தாங்குவது கொக்கியின் விளிம்பு, அதுவும் ஓர் அரிசி அகலம். என்னுடையது சாதா இரும்பு. பத்துப் பதினைந்து முறைக்கு மேல் விளிம்பு மழுங்கிவிட்டது. ஒருநாள் படகில் தானாகவே விட்டது. ஈட்டி ஐஸ் பெட்டி மூடியைத் துளைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் அதன்மேல் உட்கார்ந்திருந்த நண்பர் எழுந்து போயிருந்தார்.

ஆழிமுத்து:
படகில் எதற்குப் பூட்டினீர்கள்? தண்ணீருக்குள் இறங்கி மாட்டு, ஏறும் முன் கழற்று. பாலபாடம் அது. குற்றம் ட்ரிகர் மேல் இல்லை.

மரத்தச்சன்:
சரி, என் தப்புதான். ஆனால் தண்ணீருக்குள்ளும் பக்கத்தில் ஆள் இருப்பாரே? அப்புறம், பஜாவ்காரர்களுடையதில் எத்தனை பட்டை பார்த்தீர்கள்? உங்களுடையதில் எத்தனை?

ஆழிமுத்து:
அவர்களுக்கு ஒன்று. எனக்கு 16 மி.மீ. லேடெக்ஸ் ரப்பர், இரண்டு.

மரத்தச்சன்:
அதைத்தான் சொல்கிறேன். ஒற்றைப் பட்டைக்குச் செய்த கொக்கியில் இரட்டைச் சுமை. மூச்சடக்கி மூழ்க உதவும் மண்ணீரல் பஜாவ் மக்களுக்கு, பக்கத்திலுள்ள சாலுவான் மக்களுடையதைவிட 50 விழுக்காடு பெரியது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. கொக்கியை மட்டும்தான் கடன் வாங்கினீர்களா, மண்ணீரலையும் கேட்டுப் பார்த்தீர்களா?

நீலா:
சண்டை எதற்கு? ட்ரிகரே இல்லாத ஹவாய் ஸ்லிங் இருக்கிறது. உண்டிவில் மாதிரிதான்: குழாய்க்குள் ஈட்டி, பின்னால் ரப்பர், கை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் வேகம். பஹாமாஸில் ஈட்டித் துப்பாக்கிக்கே தடை, இதற்கு அனுமதி உண்டு.

ஆழிமுத்து:
கிட்டத்தில் வரும் மீனுக்குச் சரி. எட்ட நிற்பதற்கு?

நீலா:
நீங்கள்தான் சத்தமில்லாமல் கிட்டப் போக வேண்டும். அதுதானே வேட்டை!

மரத்தச்சன்:
முத்து, கையால்தான் செய்வேன் என்றால் துருப்பிடிக்காத எஃகில் செய்யுங்கள். ஒவ்வொரு முறை போகும் முன்பும் கொக்கி விளிம்பில் நகத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். நகம் மாட்ட வேண்டும். வழுக்கினால் அன்று கடல் வேண்டாம்.

ஆழிமுத்து:
இப்போதுதான் பார்த்தேன். வழுக்குகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ரத்து. ஆனாலும் கடைக்குப் போகமாட்டேன், வீட்டில் அரம் இருக்கிறது. ஒரு பட்டையையும் கழற்றிவிட்டேன்.