பிரெஞ்சு இளவரசிங்களுக்கு அரண்மனையில என்னதான் வேலை?

கேள்வி: பிரெஞ்சு ராஜா பதினைந்தாம் லூயிக்கு எட்டு பொண்ணுங்களாமே, வெர்சாய் அரண்மனைல இவங்க பொழுது எப்படிங்க போச்சு? கல்யாணமெல்லாம் ஆச்சா?

பதில்: ஒருத்திக்குத்தான் ஆச்சு, மூத்தவ, 1739ல ஸ்பெயின் இளவரசருக்கு. மத்தவங்களுக்கு ஆகவே இல்ல. இதுல கொடுமை என்னன்னா 1738ல செலவு ஜாஸ்தின்னு சின்னப் பொண்ணுங்க நாலு பேரையும் ஃபோன்டெவ்ரோ கன்னியாஸ்திரி மடத்துக்கு அனுப்பிட்டாங்க, ஒருத்தி அங்கயே 1744ல செத்துப்போனா, மீதி மூணு பேர்ல ஒருத்தி பத்து வருஷம் கழிச்சும், மத்த ரெண்டு பேரும் பன்னிரண்டு வருஷம் கழிச்சும்தான் அரண்மனைக்குத் திரும்புனாங்க. எட்டு பொண்ணு பெத்தா ராஜாவுக்கே பட்ஜெட் இடிக்குது பாருங்க!

பதில்: தினம் சாயங்காலம் ராஜா வேட்டை முடிஞ்சு பூட்ஸ் கழட்டுற நேரத்துக்கு இளவரசிங்க போய் நிக்கணும். அதுக்காக, ஏற்கனவே போட்டிருக்கிற சாதா டிரஸ் மேலயே பெரிய வளையப் பாவாடையை மாட்டி, இடுப்புல நீள வாலைக் கட்டி, மிச்சத்தை மறைக்க கழுத்து வரைக்கும் கறுப்பு பட்டு அங்கி. அப்பா நெத்தியில ஒரு முத்தம், அவ்ளோதான், கால் மணி நேரத்துல திரும்பி வந்து எல்லாத்தையும் அவுத்துட்டு எம்பிராய்டரில உக்காந்துடுவாங்க. இவங்களுக்கு புத்தகம் வாசிச்சுக் காட்டுன காம்பான் அம்மாவே எழுதி வச்சிருக்காங்க.

பதில்: கடைசிப் பொண்ணு லூயிஸ் 1770ல தானாவே கன்னியாஸ்திரி ஆயிட்டாங்க. இன்னும் ரெண்டு பொண்ணுங்க, அடெலாய்டும் விக்துவாரும், பிரெஞ்சுப் புரட்சியப்போ 1791ல இத்தாலிக்குத் தப்பிச்சு, கடைசில ட்ரியெஸ்ட்ங்கிற துறைமுக ஊர்ல இறந்தாங்க.

கேள்வி கேட்டவர்: அந்த டிரஸ் மேட்டர் செம. நம்ம ஜூம் மீட்டிங்குக்கு லுங்கி மேல சட்டை போடுற மாதிரியேதான் 😄