சம்பளம் 1,700 ஆனதில் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பாதியாகிறதா? அண்ணி வேலை நாளைக் குறைக்கலாமா?

பெர்ஜுந்தை தங்கச்சி:

வணக்கம். நாங்கள் மலேசியா, சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், இன்னும் தோட்டத்து லயத்தில்தான் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். அண்ணன் செம்பனைக் குலை வெட்டுகிறார். தோட்டத்தின் நேரடி ஆள் இல்லை, நாலு பேரை மட்டும் வைத்திருக்கும் ஒரு கண்ட்ராக்டரிடம் வேலை. அதனால் பிப்ரவரி 2025-இல் மற்றவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) வந்தபோது இவருக்கு வரவில்லை, ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கு ஆகஸ்ட் வரை தவணை என்றார்கள், ஆகஸ்ட்டில்தான் 1,500-இலிருந்து ஏறியது. அண்ணி பள்ளி கேண்டீனில் அரைநாள் வேலை செய்கிறார், மாதம் 900. பிள்ளைகள் மூவர், மூவரும் பள்ளியில்.

முன்பு இருவருக்கும் சேர்த்து 2,400, இப்போது 2,600. அரசாங்கம் கொடுக்கும் எஸ்.டி.ஆர். ரொக்க உதவியில் வீட்டு மாத வருமானம் 2,500-ஐத் தாண்டினால் தொகை பாதியாகிவிடும் என்று கேண்டீனில் பேசிக்கொண்டதிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் இல்லை. மாதத்தில் மூன்று நாள் குறைத்து 800 வாங்கினால் சரியாக 2,500-இல் நிற்கலாமே என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மோட்டார் தம்பி:

கேண்டீன் சம்பளம் கையில் கொடுப்பதுதானே அக்கா, அதை ஏன் எஸ்.டி.ஆர். பாரத்தில் எழுத வேண்டும்? எங்கள் பக்கம் பலர் எழுதுவதே இல்லை.

பழைய கிராணி:

தம்பி, அப்படிச் சொல்லாதே. பாரத்தைப் பார்ப்பது உள்நாட்டு வருமான வாரியம். பொய் எழுதி மாட்டிக்கொண்டால் அந்தக் குடும்பத்துக்கு யாரும் துணைக்கு வரமாட்டார்கள்.

தங்கச்சி, கணக்கைப் பார்ப்போம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வருமானம் 2,500-க்குள் இருந்தால் வருடத்துக்கு 2,000 வெள்ளி, 2,501-இலிருந்து 5,000 வரை 1,000. ஆக, இழப்பு 1,000. அண்ணனுக்கு ஏறியது மாதம் 200, அதில் இ.பி.எஃப். (சேமநிதி) 11 விழுக்காடு போனால் கையில் 178, வருடத்துக்கு 2,136. அதில் 1,000 போனாலும் 1,136 மிஞ்சும், சேமநிதியிலும் கொஞ்சம் ஏறும். ஏறியது எல்லாம் போய்விட்டது என்று அண்ணி நினைத்தால் அது அப்படி இல்லை என்று முதலில் சொல்லுங்கள்.

ஆனால் நாள் குறைப்பு விஷயத்தில் அவர் பயம் நியாயமானதுதான். மாதம் 100 குறைத்தால் வருடத்துக்கு 1,200 போகிறது, 1,000 திரும்பக் கிடைக்கிறது. அதாவது வருடம் முழுக்க மாதம் மூன்று நாள் கூடுதலாக அடுப்படியில் நின்று அவர் சம்பாதிப்பது 200 வெள்ளி. இதை ஒரு தாயிடம் போய் 'பரவாயில்லை, வேலை செய்யுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் சொல்வது, குறைக்க வேண்டாம். ஒருமுறை விட்டுக்கொடுத்த நாளைக் கேண்டீனில் திரும்பக் கேட்டு வாங்குவது கடினம், குறைத்து 2,500-இல் நின்றாலும் அண்ணன் சம்பளம் அடுத்து 50 வெள்ளி ஏறினாலே கோட்டைத் தாண்டியாகிவிடும்.

ஈஜோக் அக்கா:

கிராணி அண்ணன் சொன்னது சரி. ஆனால் அந்த 178 முழுசாகக் கையில் நிற்கும் என்று நினைக்காதீர்கள். முட்டை மானியம் நின்றதும் அதே 2025 ஆகஸ்ட் 1-இல்தான். கோழி மானியம் 2023 நவம்பரிலேயே போய்விட்டது. மூன்று பிள்ளை உள்ள வீட்டில் முட்டையும் கோழியும் இல்லாமல் என்ன சமைப்பது? வசதியானவர்களுக்கு மானியம் எதற்கு என்று கேட்பதை நான் ஒத்துக்கொள்கிறேன், மானியத்தை எடுத்து ஏழைக்கு நேரடியாகக் கொடுப்பதும் நல்லதே. அப்படியானால் அந்த ஏழை யார் என்கிற கோட்டைச் சரியான இடத்தில் போட வேண்டும் அல்லவா?

அத்தியாவசியப் பொருள் வாங்க அரசாங்கம் கொடுக்கும் சாரா பணம் வருகிறதா என்று பாருங்கள். ஐசியை (அடையாள அட்டையை) கொண்டுபோய்ப் பதிவு பெற்ற கடையில்தான் வாங்க முடியும், லயத்தில் கணக்கு எழுதிக் கொடுக்கும் கடையில் செல்லாது. டவுனுக்குப் போகிற அன்று அரிசி, எண்ணெய் எல்லாம் மொத்தமாக வாங்கிவிடுங்கள்.

அப்புறம் சிலாங்கூர் மாநிலத்தின் பிங்காஸ் உதவித்தொகை இருக்கிறது, மாதம் 300 வெள்ளி, இ-வாலட்டில் வரும். அதற்கு விண்ணப்பித்தீர்களா? மாநிலம் மாதம் 20 கன மீட்டர் தண்ணீரையும் இலவசமாகக் கொடுக்கிறது, 5,000-க்குள் வருமானம் இருந்தால் போதும், ஆனால் தோட்டமே தண்ணீர் கொடுக்கும் லயத்துக்கு அது உதவாது. வீடு மாறும்போது மறக்காமல் விண்ணப்பியுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு ஆளுக்கு 150 வெள்ளி கொடுக்கிறார்களே, அதற்கு வருமானக் கணக்கே கிடையாது, அண்ணி எத்தனை நாள் வேலை செய்தாலும் மூவருக்கும் 450 வரும்.

செம்பனை மகன்:

அந்த 2,500 எப்போது போட்ட கோடு தெரியுமா? 2021-இல் பி.பி.ஆர். என்று இதேபோல ஓர் உதவி கொடுத்தார்களே, அப்போதே அது 2,500-தான். அன்றைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நகரங்களில் 1,200, மற்ற இடங்களில் 1,100. 2022-இல் 1,500 ஆனது, இப்போது 1,700. சம்பளம் ஏறிக்கொண்டே போகிறது, கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. புருஷன் பெண்சாதி இருவரும் தோட்டத்தில் முழுநாள் வேலை செய்தால் 3,400, அந்த வீடு முழுத் தொகை கிடைக்கும் முதல் வரிசைக்கு வரவே முடியாது.

இன்னொன்று. 2022-இல் அரசாங்கமே கணக்கிட்டுச் சொன்ன வறுமைக் கோட்டு வருமானம், நாடு முழுமைக்குமான சராசரி, ஒரு வீட்டுக்கு மாதம் 2,589 வெள்ளி. முழு உதவிக்கான வரம்பு அதைவிடக் கீழே இருக்கிறது! இதை யாராவது எனக்கு நியாயப்படுத்திக் காட்டட்டும். பிள்ளை இல்லாத வீட்டுக்கும் ஐந்து பிள்ளை உள்ள வீட்டுக்கும் தொகைதான் மாறுகிறது, வரம்பு ஒன்றே. 2,501-இல் வெட்டிப் பாதியாக்காமல் 2,600-க்குக் கொஞ்சம், 2,800-க்கு இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாகக் குறைத்தால் உங்கள் அண்ணி இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு விடிய விடிய முழித்திருக்க வேண்டியதில்லை. சட்டமன்ற உறுப்பினர் வரும்போது சாலை விளக்கு மட்டும் கேட்காமல் இதையும் கேட்கச் சொல்லி எங்கள் தோட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பெர்ஜுந்தை தங்கச்சி:

எல்லோருக்கும் நன்றி. கிராணி அண்ணன் கணக்கை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். 200 வெள்ளிக்கா மூன்று நாள் என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நாளைக் குறைக்கப் போவதில்லை. பிங்காஸ் பற்றி எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு கேள்வி, மழை மாதத்தில் அண்ணனுக்கு வேலை குறைகிறது, ஏழைக் குடும்பங்களின் அரசாங்கப் பதிவேடான இ-காசேயில் பதிய எந்த மாதச் சம்பளத்தைக் காட்டுவது?

பழைய கிராணி:

ஒரு மாதச் சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். மழை மாதத்துச் சீட்டு, நல்ல மாதத்துச் சீட்டு இரண்டும் சேர்த்துக் கொண்டுபோங்கள், இ.பி.எஃப். அறிக்கையும் இருக்கட்டும். கண்ட்ராக்டர் சம்பளச் சீட்டு கொடுப்பதில்லை என்றால் இன்றைக்கே கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அது தொழிலாளிக்குக் கொடுத்தே ஆக வேண்டியது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகலை மறந்துவிடாதீர்கள், அது இல்லாமல் கோல சிலாங்கூர் வரை போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.